வெள்ளிக்கிழமை ஊழியம்

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையேண்ணே?" கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியையும் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள் லாரி டிரைவரின் மனைவி.

"செவ்வாய்தாம்மா. அதனாலதான் வந்தேன்," என்றார் கடிகாரம் பழுதுபார்க்கும் வாட்ச்காரர். "பாஸ்டருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரிக்கே தெரியாது."

"அவரு தூங்குறாரே..."

"எழுந்திரிக்கட்டும். உட்கார்ந்திருக்கேன்." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

"ஏங்க, வாட்ச் அண்ணன் வந்திருக்காரு!" தெருவுக்கே கேட்கும்படி அவள் குரல் கொடுத்தாள். உள்ளே ஏதோ உருண்டது. பீரோ கதவு திறந்து மூடியது. கட்டில் முனகியது.

டிரைவர் கால் முறிந்து படுத்ததிலிருந்து, வெள்ளி தவறாமல் வந்து பாடி, வேதம் வாசித்து, நீளமாக ஜெபம் செய்துவிட்டுப் போவது வாட்ச்காரரின் ஊழியம். சுருதி எப்போதாவது சேரும். சரணம் ஒன்றைக்கூட விடமாட்டார்.

அறைக்குள் டிரைவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு மூச்சு வாங்கினார். மாவுக்கட்டுப் போட்ட கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"காய்ச்சலா பிரதர்? வேர்த்திருக்கே."

"லேசா..."

"இன்னைக்குப் பாட்டு வேண்டாம். மனசுவிட்டு ஒண்ணு சொல்லணும்."

பாட்டு இல்லை என்றதும் டிரைவரின் முகம் தெளிந்தது.

"ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல பாஸ்டர் சொன்னாரு. 'நமக்கு நடுவுல ஒருத்தர் இருக்காரு. வெள்ளிக்கிழமை தவறாம ஒரு மணி நேரத்தை இன்னொருத்தர் மனசு குளிரக் கொடுக்கிறாரு. பேரைச் சொன்னா அவருக்குப் பிடிக்காது'ன்னு. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. வெளியே வந்ததும், பேரைச் சொல்லியிருந்தாத்தான் என்னன்னு தோணிச்சு பிரதர். அதுலேர்ந்து தூக்கமில்ல. இத்தனை நாளும் நான் உங்களுக்காக வந்தேனா, பாராட்டுக்காக வந்தேனா? நிஜமாவே உங்க மேல அன்பு இருக்கான்னு பார்க்கத்தான் யாருக்கும் சொல்லாம வந்தேன்."

டிரைவர் கண்களை மூடிக்கொண்டார்.

"சொன்னதும் மனசு லேசாயிருச்சு. அன்பு இருக்கத்தான் செய்யுது. இனிமே செவ்வாயும் வரேன்."

"செவ்வாயுமா?" டிரைவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். போர்வை நழுவிக் கீழே விழுந்தது.

காலைத் தொட்டு ஜெபிக்கக் குனிந்த வாட்ச்காரர் அப்படியே நின்றார். "பிரதர், உடைஞ்சது இடது காலுதானே? கட்டு வலது கால்ல இருக்கே?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். "அவசரத்துல மாட்டினா இப்படித்தான்," என்று முணுமுணுத்தாள்.

டிரைவர், ஒரு பக்கம் அறுத்திருந்த அந்தப் பழைய மாவுக்கட்டைச் செருப்பைக் கழற்றுவதுபோல் உருவிக் கட்டிலடியில் வைத்தார்.

"மன்னிச்சிருங்க பிரதர். கால் எப்பவோ சரியாப் போச்சு. நீங்க அவ்வளவு ஆசையா வர்றீங்க, மனசு உடைஞ்சிருவீங்களேன்னுதான் வெள்ளிக்கிழமையானா இதை மாட்டிக்கிட்டுப் படுத்துக்குவேன். பாஸ்டர்கிட்ட மட்டும் சொல்லியிருந்தேன்." அவர் தலையைச் சொறிந்தார். "பேரைச் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன், பிரசங்கத்துல சொல்லாதீங்கன்னு கேட்கத்தான் விட்டுப்போச்சு."