வெள்ளைக் கம்பத்தடி

ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இந்தக் கடற்காற்று பேச விடாது. எங்கள் ஆர்ட்நெஸ் ஊரில் ஒருவர் உயிருக்குப் பயந்து போலீஸ் வரைக்கும் போன கதையைச் சொல்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

அவர் பெயர் ஃபெர்கஸ். ஊர் கோல்ஃப் கிளப்பின் கேப்டன். சனிக்கிழமை காலையில் பெண்கள் மைதானத்தில் ஆடக்கூடாது என்கிற பழைய சட்டத்தை மிச்சமிருந்த சொந்தப் பல்லைப் போலக் காப்பாற்றி வந்தவர். அதை எடுத்துவிடலாமே என்று கமிட்டியில் வருஷா வருஷம் பேச்சு வரும். அவர் ஓட்டையும் சேர்த்து மூன்றுக்கு மூன்று என்று விழும். சட்டம் பிழைத்துவிடும்.

இந்த வருஷம் அவர் இன்னொரு காரியத்திலும் இறங்கினார். டார்க்வில்லைக் கிளப்பை விட்டுத் துரத்துவது.

டார்க்வில் ஓய்வு பெற்ற தபால்காரர். கோல்ஃப் என்றால் உயிர். ஆனால் முப்பது வருஷமாக அவர் அடித்த ஒவ்வொரு பந்தும் ஒழுங்காகக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறி, வலப்பக்கம் வளைந்து போய்விடும். ஆட்டின் முதுகு, தேவாலயக் கூரை, ஒருமுறை பாதிரியாரின் சூப்.

"இந்த மாசக் கடைசி சனிக்கிழமை போட்டி. அன்னிக்கு சாயங்காலம் கமிட்டி. அதோட உன் ஆட்டம் முடிஞ்சுது" என்று ஃபெர்கஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, நாயோடு கடற்கரைக்குப் போனவர் திகைத்து நின்றார். மணலில் டார்க்வில், மட்டையும் கையுமாக. தூரத்தில் ஒரு கழி நட்டு, அதன் தலையில் சிவப்புக் குல்லாய் மாட்டியிருந்தது. உச்சியில் வெள்ளைக் குஞ்சம்.

அது ஃபெர்கஸின் குல்லாய்!

டார்க்வில் அடித்தார். பந்து வளைந்து கடலில் விழுந்தது. "விட மாட்டேன்!" என்று அவர் கத்தியது காற்றில் வந்தது. "பத்துக்குப் பத்து அந்தக் குல்லாயிலதான் விழணும்!"

ஃபெர்கஸ் நாயை முந்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மனைவி எஃபி கல்யாணத்துக்கு முன் பந்தயத்தில் ஜெயித்த பழைய வெள்ளிக் கோப்பையில்தான் அவர் வீட்டுச் சாவியைப் போடுவது வழக்கம். அன்றைக்கு வீசிய வேகத்தில் சாவி கீழே விழுந்தது.

"எஃபி! அந்தப் பய என் குல்லாயைத் திருடிட்டான்! என் மண்டைக்குக் குறி வெச்சுப் பழகுறான்!"

"அடப் பாவமே" என்றார் எஃபி, ஓட்ஸ் கஞ்சியைக் கிளறியபடி. "நீ இனிமே கடற்கரைப் பக்கமே போகாதே. நாயை நானே கூட்டிட்டுப் போறேன்."

கான்ஸ்டபிள் கெட்டிஸ் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே புகாரைக் கேட்டார்.

"டார்க்வில் உங்களைக் குறி வெச்சா உங்களுக்கென்ன பயம், கேப்டன்? குறி வெச்ச இடத்துல அவர் பந்து என்னிக்காவது விழுந்திருக்கா? மத்தவங்கதான் பயப்படணும்."

அதுவும் நியாயம்தான். ஏழாவது குழிக்கு அடிக்கும்போது நடுவில் ஒரு மணல்மேடு மறைக்கும். மேட்டின் மேல் ஒரு வெள்ளைக் கம்பம். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அடிப்பார்கள். அந்தப் பக்கம் கேப்டன் கொடியோடு நின்று, பந்து விழுந்த இடத்தைக் காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். டார்க்வில் முறை வந்தால் மட்டும் கேப்டன் ஓடிப்போய்க் கம்பத்துக்கு நேர் பின்னால் நின்றுகொள்வார். டார்க்வில் குறி வைக்கிற இடம் ஆயிற்றே, அதைவிடப் பத்திரமான இடம் உண்டா?

போட்டியன்று காலை கஞ்சி பரிமாறும்போது எஃபி கேட்டார். "இன்னிக்கு எங்க நிப்ப?"

"வழக்கம்போல கம்பத்துக்குப் பின்னாலதான். அங்க நின்னா அவன் பாட்டன் வந்தாலும் என்னைத் தொட முடியாது."

"அசையாம அங்கேயே நில்லு. எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன்தானே."

ஃபெர்கஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

கான்ஸ்டபிள் எதற்கும் இருக்கட்டும் என்று முட்புதருக்குள் பதுங்கிக்கொண்டார். மேட்டுக்கு அந்தப் பக்கம் மட்டைச் சத்தம் கேட்டது. பந்து எந்த ஆட்டின் மேல் விழப்போகிறது என்று பார்க்க, ஃபெர்கஸ் கம்பத்துக்கு முதுகைக் காட்டி, வலப்பக்கமாகக் குனிந்தார்.

பொத்.

அவர் போட்ட அலறலில் கடற்பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. அடி விழுந்தது தலையில் இல்லை, உட்காருகிற இடத்தில். மேட்டுக்கு அப்பால் டார்க்வில் குதித்துக்கொண்டிருந்தார். "நேரா போச்சு! ஆண்டவனே, நேரா போச்சு!"

கான்ஸ்டபிள் சட்டையெல்லாம் முள்ளோடு வெளியே வந்தார்.

"கைது பண்ணுய்யா அவனை!"

"எதுக்கு கேப்டன்? முப்பது வருஷத்துல முதல் தடவையா மனுஷன் நேரா அடிச்சிருக்கார். அது குத்தம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

அன்று சாயங்காலம் ஃபெர்கஸ் வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தார், அடிபட்ட இடத்தில் உறைந்த பட்டாணிப் பொட்டலம். அவர் இல்லாமலே கமிட்டி கூடியது. டார்க்வில்லை நீக்கச் சொல்லி அவர் எழுதியிருந்த மனுவைக் கிழித்துப் போட்டார்கள். பெண்கள் விஷயத்தில் மூன்றுக்கு இரண்டு என்று ஓட்டு விழுந்தது; பழைய சட்டம் போயே போய்விட்டது.

சேதி சொல்ல வந்த எஃபி, வெள்ளிக் கோப்பையிலிருந்த சாவியை மேஜை மேல் கொட்டினார். கோப்பையைத் தன் கம்பளிச் சட்டையால் பளபளவென்று துடைத்தார். பிறகு சிவப்புக் குல்லாய் ஒன்றைக் கணவரின் தலைமாட்டில் வைத்தார்.

"மணல் போகத் துவைச்சுட்டேன். அடுத்த சனிக்கிழமை கஞ்சியை நீயே கிளறிக்கோ ஃபெர்கஸ், காலையில எட்டு மணிக்கு எனக்கும் என் சிஷ்யன் டார்க்வில்லுக்கும் ஆட்டம் இருக்கு."

உங்கள் வீட்டில் கஞ்சியும் சிரிப்பும் என்றைக்கும் குறையாதிருக்கட்டும், கண்ணுகளா. 'இன்றைக்கு எங்கே நிற்பாய்?' என்று வீட்டில் யாராவது கேட்டால், அது வெறும் அன்பாகவே இருக்கட்டும்.