மோப்பம்

வலது கையை நீட்டியபடி பாசேர் வெட்டுக்கொட்டிலிலிருந்து வெளியே வந்தான். விரல் நுனிவரை ரத்தம். இடது கையை இடுப்புத் துணிக்குள் செருகி வைத்திருந்தான்.

அத்திமர நிழலில் பூசாரி வென்னெஃபெர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிங்கமுகத்தாள் செக்மெத்தின் பூசாரி. அவளுக்குப் படைக்கும் காளையின் ரத்தத்தை முகர்ந்து, சுத்தம் என்று இவர் சொன்னால்தான் இறைச்சி கோயிலுக்குள் போகும். முறைப்படி, வெட்டிய காளையின் பக்கத்தில் நின்று முகர வேண்டும். ஆனால் கொட்டிலில் ஈ மொய்க்கும், வெள்ளை உடுப்பில் கறை படும். அதனால் வெட்டுகிறவன் வெளியே வந்து கையை நீட்டுவதே வழக்கமாகிவிட்டது. யார் கேட்கப் போகிறார்கள்?

மெம்பிஸ் நகரம் முழுக்க அந்த மூக்குக்கு அப்படியொரு பேர். காளைக்கு மட்டுமில்லை, மனிதருக்கும் அதுதான் தீர்ப்பு. காய்ச்சலை அனுப்புகிறவள் செக்மெத். இறக்குகிறவளும் அவளே. ஆகவே வைத்தியமும் அவள் பூசாரிகள் கையில்.

போன கோடையில் பாசேரின் மகள் ஹெனுத் காய்ச்சலில் கிடந்தாள். பால்பல்கூட விழாத பெண். மூக்கில் ரத்தம் நிற்கவே இல்லை. வென்னெஃபெர் வாசலைத் தாண்டவில்லை. ரத்தம் துடைத்த துணியைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு தடவை முகர்ந்தார்.

"அப்பன் வழி வந்த கெட்ட ரத்தம். செக்மெத் அம்மா கைவிட்டுட்டா. நான் மருந்து குடுத்து அவ கோவத்த வாங்கிக்கவா?"

மருந்துப் பெட்டியைத் திறக்காமலே போய்விட்டார். ஹெனுத் மறுநாள் பொழுது சாயும்வரை அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு பிடி தளர்ந்தது.

அந்த ஒரு வார்த்தையைக் கட்டிக்கொண்டுதான் பாசேர் இத்தனை காலம் நடமாடினான். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ரத்தமே கெட்டது என்றால் மருந்து என்ன செய்யும்? ஆனால் ரொட்டியைக் கடிக்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் மணலாய்ப் பல்லில் நெருடியது. அந்தப் பெட்டியைத் திறந்திருந்தால்?

இன்று அவன் இரண்டடி தள்ளியே நின்றான்.

"என்னடா, இன்னிக்குத்தான் கத்தி பிடிச்சவன் மாதிரி தள்ளி நிக்கிற? கிட்ட வா."

கெட்டது என்று சொல்லுங்கள் சாமி, என்று உள்ளுக்குள் மன்றாடினான். முகத்தைச் சுளித்துக்கொண்டு, தூ என்று துப்புங்கள். என் வேலை போனாலும் போகட்டும்.

பூசாரி குனிந்தார். கண்ணை மூடினார். மூக்கு விடைத்தது. அவசரமே படவில்லை, பாவி மனுஷன்.

"அடடா! என்ன சுத்தம், என்ன சுத்தம்! இந்த வருஷத்துல இப்படியொரு ரத்தத்த நான் மோந்ததே இல்லடா. அம்மாவுக்குன்னே பொறந்தது. தாராளமா உள்ள அனுப்பு."

விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

பாசேர் கொட்டிலுக்குள் திரும்பினான். சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

எதிரே காளை கட்டியது கட்டியபடி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

இடது கையை வெளியே எடுத்தான். சற்றுமுன் தானே கீறிக்கொண்ட உள்ளங்கை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"சுத்தமாம்டி," என்றான், ஹெனுத்திடம். "நம்ம ரத்தம் சுத்தமாம்."