சுவர் வழியே வந்தவன்

தாடைக்கு அடியில் குடியிருந்த எச்சில் சுரப்பிக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. நரம்பு அனுப்பும் ஆட்கள் வாசலில் நின்று கதவைத் தட்டி, "எச்சில் ஊறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருத்தன் மட்டும் வேறு மாதிரி. நைட்ரிக் ஆக்சைடு என்று பேர், வெறும் காற்று. கதவைத் தட்டாமல் சுவர் வழியே புகுந்து வருவான். என்ன ஏது என்று கேட்பதற்குள் மாயமாகிவிடுவான்.

"இப்படி வர்றவன் எதையோ சுருட்டத்தான் வர்றான். இனிமே அவனை அனுப்பாதே," என்று நரம்பிடம் சுரப்பி கறாராகச் சொன்னது.

"அவன் வராட்டி உனக்குத்தான் கஷ்டம்," என்றது நரம்பு.

"பார்த்தியா, நீயும் உடந்தை!"

நரம்பு அவனை நிறுத்திவிட்டது.

மத்தியானம் வாய்க்குள் ஒரு மாவுருண்டை வந்து விழுந்தது. கதவு தட்டப்பட்டது. சுரப்பி முக்கி முக்கிப் பிழிந்தும் பிசுபிசுவென்று ஒரு சொட்டுதான் வந்தது. பக்கத்து ரத்தக்குழாய் இறுகிக் கிடந்தது. ரத்தம் வந்தால்தானே நீர் ஊறும்? மாவு மேலண்ணத்தில் அப்பிக்கொள்ள, தொண்டை அடைத்தது.

"அவனையே அனுப்பித் தொலை!" என்று சுரப்பி கத்தியது.

அவன் வந்தான். சுரப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரத்தக்குழாயைத் தொட்டு, "கொஞ்சம் வழி விடுங்கண்ணே," என்றான். குழாய் தளர்ந்து அகன்றது. ரத்தம் பாய்ந்தது, எச்சில் ஊறியது, உருண்டை வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதற்குள் அவன் கரைந்துபோயிருந்தான்.

சுரப்பி அவசர அவசரமாகத் தன் வீட்டைத் துழாவியது. ஒன்றும் குறையவில்லை, நீர் முன்னைவிடக் கூடுதலாகவே இருந்தது.

"கூடுதலா வச்சிட்டுப் போயிருக்கானே," என்று நரம்பின் காதில் கிசுகிசுத்தது. "எதுக்கா இருக்கும்?"