மாதா காத்த இடம்

வாசலைப் பார்த்ததுமே வெண்டல் கெய்ன்ஸுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

காலையில் இரண்டு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்கப் பனியை அள்ளி, கார் நிறுத்துவதற்கென்று அவர் உண்டாக்கிய இடம். அதன் நட்டநடுவே இப்போது ஒரு சமையலறை நாற்காலி. நாற்காலியின் மேல் ஒரு முழ உயரத்துக்கு மாதா சிலை, கைகூப்பிக்கொண்டு.

சிகாகோவில் பனி கொட்டினால் இதுதான் வழக்கம். இடத்தைத் தோண்டியவர் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார், நம்மூர் பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. போலீஸுக்குப் பயப்படாதவன்கூட அந்த நாற்காலிக்குப் பயப்படுவான்.

வெண்டல் போடவில்லை. தெருவிலேயே ஒரே கறுப்புக் குடும்பம் அவருடையது. குடி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. 'வந்ததும் வராததுமா இடம் பிடிக்கிறான் பாரு' என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று, சும்மா விட்டுவிட்டுத் தபால் ஆபீஸுக்குப் போய்விட்டார்.

அங்கே குளிரில் கார் மக்கர் செய்தது. கூட வேலை செய்பவரின் சிவப்பு வண்டியை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தால், இங்கே இப்படி ஒரு வரவேற்பு.

வண்டியில் இருந்தபடியே மனைவிக்குப் போன் போட்டார்.

"லொரெட்டா, வாசல்ல யாரு நாற்காலி?"

"எதிர் வீட்டு மிஸஸ் கோஸாக்கோடது. நான் வேலையிலிருந்து வரும்போதே இருந்துச்சு."

"அந்தக் கிழவியா! மூணு மாசமா குட் மார்னிங் சொல்றேன், ஒரு நாளாவது பதில் சொல்லியிருக்காளா? திரையை விலக்கி முறைக்கிறதோட சரி."

"அவங்க எல்லாரையும்தான் முறைக்கிறாங்க. பாதிரியாரைக்கூட."

"எல்லார் இடத்திலயுமா நாற்காலி போடுறா?"

"அவங்களுக்குக் காரே கிடையாதே, வெண்டல்."

"மகன் வருவான், மருமகன் வருவான்! நான் தோண்டுறதாம், அவங்க நிறுத்துறதாம். எங்கம்மா அப்பவே சொன்னாங்க, அந்தத் தெருவுல நமக்கு மரியாதை கிடைக்காதுன்னு. போதும்டி. இந்த மாசத்தோட காலி பண்றோம்."

"பிள்ளைங்க இப்பதான் இங்கே பழகியிருக்காங்க. கொஞ்சம் பொறு. வண்டியை அடுத்த தெருவுல விட்டுட்டு வா."

"காலி பண்றோம்னா பண்றோம்!"

குல்லாயைப் புருவம் வரை இறக்கி, மப்ளரை மூக்கு வரை ஏற்றிக்கொண்டு இறங்கினார். நாற்காலியை எத்தக் காலை ஓங்கியவர், மாதாவைப் பார்த்ததும் தயங்கினார். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பாடுகிற மனிதர் அல்லவா?

சிலையைப் பக்குவமாகத் தூக்கிப் பனிக்குவியல் மேல் வைத்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்க மேல கோபமில்லை."

அப்புறம் எத்தினார். நாற்காலி நடைபாதையில் போய் மல்லாந்து விழுந்தது. வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்தினார்.

எதிர் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

மிஸஸ் கோஸாக்! வயது எழுபத்தைந்துக்குக் குறையாது. நைட்டிக்கு மேல் செத்துப்போன புருஷனின் ஓவர்கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு, கையில் பனி அள்ளுகிற மண்வெட்டி. சறுக்கிக்கொண்டே ஓடி வந்தாள்.

வரட்டும். வெண்டல் இதற்காகத்தான் காத்திருந்தார். மரியாதை என்றால் என்ன, மனிதனை மனிதன் எப்படி மதிக்க வேண்டும் என்று ஒரு பிரசங்கமே அவர் தொண்டையில் தயாராக நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

வாயைத் திறக்க விட்டால்தானே!

"எடுடா வண்டியை! மாதாவையே தூக்கி வைக்கிறியே, எவ்வளவு கொழுப்பு இருக்கணும் உனக்கு?"

"மேடம், இந்த இடம் யாரு தோண்டினதுன்னு..." மப்ளருக்குள்ளிருந்து பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

"எனக்கே சொல்லித் தர்றியா? காலையிலேருந்து ஜன்னலை விட்டு நகரலைடா நான். சூப்பைக்கூட அங்கேயே உட்கார்ந்துதான் குடிச்சேன். மூணு பேரு வந்தானுங்க, மூணு பேரையும் துரத்தியடிச்சேன். நீ எங்கேருந்து முளைச்சே?"

"நான் வந்து..."

மண்வெட்டி வண்டியின் மூக்கில் டங்கென்று இறங்கியது.

"பேசாதே! இது அந்தத் தபால்காரர் கெய்ன்ஸ் தோண்டின இடம். ஒண்டி ஆளா அள்ளினாரு மனுஷர், பாவம், நாற்காலி போட மறந்துட்டு வேலைக்குப் போயிட்டாரு. உன்னை மாதிரி மரியாதை தெரியாத ஜென்மங்களாலதாண்டா அவரை மாதிரி நல்லவங்க இந்தத் தெருவுல நிலைச்சு இருக்கறதில்லை!"