தெற்குக் கரை

மேகம் இல்லாத படம் ஒன்று கடைசியில் கிடைத்தது.

அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கழிமுகத்துக்குத் தெற்கே வெறும் நீலம்.

படத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். கடல் ஏறியிருந்த நேரத்தில் எடுத்ததோ என்னவோ. வற்றியிருந்த நாளாகப் பார்த்து இன்னொன்றை இறக்கினாள். அதிலும் நீலம். அதற்கு முந்தைய மாதம் முழுக்க மேகம். அதற்கும் முந்தைய மாதம் தெளிவாக இருந்தது. நீலம்தான்.

கடல் ஆமைகள் முட்டையிடும் கரையைக் காப்பாற்றப் பாடுபடும் ஒரு சின்ன அமைப்பில் அவளுக்கு வேலை. செயற்கைக்கோள் படங்கள் இணையத்தில் ஓசியில் கொட்டிக் கிடக்கின்றன. அதில் உருப்படியான ஒன்றைக் கண்டெடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

மேகம் மறைத்தவற்றை ஒதுக்கி, கடலின் ஏற்ற இறக்கம் பார்த்து, வருடத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி, பெயர் வைத்து அடுக்குவாள். பிறகு ஒவ்வொன்றின் மேலும் கரை ஓடும் இடத்தில் ஒரு கோடு போடுவாள். கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும்.

இதுவரை வடக்குக் கரைதான் அவள் பொறுப்பு. தெற்கையும் சேர்த்துவிடச் சொன்னது நேற்றுத்தான்.

அமைப்பை நடத்துகிறவரை எல்லோரும் ஆமையண்ணன் என்பார்கள். ஆமைகளுக்காக அலைவதால் வந்த பெயரா, அவர் நடக்கிற வேகத்தால் வந்த பெயரா என்று கேட்டால் அவரே சிரிப்பார். டீ கிளாசோடு வந்து அவளுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா, இவ்ளோ உள்ள வந்துருச்சா! நல்லவேளைம்மா, அந்தப் பக்கம் யாரும் குடியில்ல."

"ஆமாண்ணே" என்றாள்.

அவர் நகர்ந்த பிறகு பழைய வருடத்துப் படத்தைத் திறந்தாள். சவுக்குத் தோப்பை ஒட்டி வெளிர்நிறத்தில் ஒரு சதுரம். சுற்றுச்சுவர் கட்டிய இடுகாடு அது. இந்தப் படங்களில் ஒரு வீடே ஒன்றிரண்டு புள்ளிதான். நான்கு வயதுப் பெண்ணின் கல்லறை எந்தப் படத்திலும் தெரியாது.

ஆனாலும் எந்த மூலை என்று அவளுக்குத் தெரியும். பெற்றவள் அல்லவா.

மகளை அடக்கம் செய்த அன்று அங்கே நின்றதோடு சரி. பிறகு எத்தனையோ முறை கிளம்பிப் பார்த்தாள், வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. அவள் கணவன்தான் போய் வந்தான். மாதத்தின் முதல் ஞாயிறு, பஸ் பிடித்து. திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டியபடியே, "பாப்பா இடத்தச் சுத்தம் பண்ணிட்டேன்" என்பான்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் அடுத்த மாதம்வரை ஓட்டிவிடுவாள்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும் அந்தச் சதுரம் இல்லை. போன வாரம்கூட அவன் சுத்தம் செய்துவிட்டு வந்திருந்தான்.

கோட்டை அவள் சரியாகத்தான் போட்டாள். இரண்டு மூன்று முறை அழித்து அழித்துப் போட வேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, பழுதுபார்க்க வந்த ஃபிரிட்ஜ் ஒன்றைக் கூடத்தின் நடுவில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"அடுத்த தடவ நானும் வரேங்க."

"வெயில் மண்டையப் பொளக்குது. நீ எதுக்கு?"

"படத்துல பாத்துட்டேன்."

அவன் கையிலிருந்த ஸ்க்ரூவைப் பார்த்தான். அதைத் திரும்ப அதன் ஓட்டையில் வைத்துத் திருகத் தொடங்கினான். அது முடிந்ததும் நிமிராமலே பேசினான்.

"ஒவ்வொரு தடவையும் சொல்லிரணும்னுதான் வருவேன். உன் மொகத்தப் பாத்தா வாய் வராது."

"அப்புறம் மாசா மாசம் அங்க போயி என்னதான் பண்ணீங்க?"

"தண்ணிக்குள்ள போயி நிப்பேன். அவ இருக்கற எடத்துல. கண்ணக் கட்டிவிட்டாக்கூடப் போயிருவேன் நான்."

மகள் செத்தபோது அழாதவன். அன்றைக்குத்தான் அழுதான், ஃபிரிட்ஜின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு.

அடுத்த ஞாயிறு கடல் வற்றும் நேரம் பார்த்து இருவரும் போனார்கள். பழைய படத்திலிருந்து அந்த மூலையை அவள் செல்போனில் குறித்து எடுத்து வந்திருந்தாள்.

தோப்பு இருந்த இடத்தில் சில அடிமரங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவன் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, எதையும் பார்க்காமல் நேராகத் தண்ணீருக்குள் நடந்தான். முழங்கால் நனையும் இடத்தில் சட்டென்று நின்றான். குனிந்து, மிதந்து வந்த பாசியையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் வாரி எடுத்தான். அலை படாத பக்கமாகத் தள்ளி விட்டான். அந்த இடத்துத் தண்ணீரைக் கையால் ஒருமுறை தடவிவிட்டான்.

அவள் செல்போனைப் பார்த்தாள்.

குறித்திருந்த மூலை அங்கே இல்லை. வடக்கே, நன்றாகவே தள்ளி இருந்தது. இடையில் நாலைந்து பஸ்களை வரிசையாக நிறுத்தலாம். அவன் நின்றிருந்தது இடுகாட்டின் சுற்றுச்சுவர் இருந்த இடத்துக்கும் வெளியே.

"இங்கதானே?" என்றான், அவள் பக்கம் திரும்பி.

அவள் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஆமாங்க. இங்கயேதான்."