மன்னிப்பார்களாக

"இதுல ‘கள்’ளை உள்ளே விட்டது யாரு?"

சபைச் செயலாளர் அச்சகத்துக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

முதலாளி பதறி எழுந்தார். "சத்தியமா சார், இங்க யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது."

"குடிக்கிற கள் இல்லய்யா. இலக்கணத்துல வர்ற கள்."

கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தார். மறுநாள் ஆராதனைக்கான மன்னிப்பு ஜெபம். ஐந்நூறு பிரதி அடித்துக் கட்டுப்போட்டு வைத்திருந்தது. கடைசி வரியில் அவர் விரல் நின்றது.

‘பிதா, குமாரன், பரிசுத்த ஆவியானவர் நம்மை மன்னிப்பார்களாக.’

"மன்னிப்பாராக. ஒருமை. நீங்க ஒரு ‘கள்’ளைச் சேர்த்து என் தேவனை மூணு பேர் கமிட்டி ஆக்கிட்டீங்க."

"புரூஃப் பார்த்திருந்தா சார்..."

"நான் சொன்னா சொன்னதுதான், புரூஃப் எதுக்குன்னு விட்டேன். இப்படிக் கவுத்துட்டீங்களே."

கூட வந்திருந்த அவர் மனைவி, வாசலோர நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

முதலாளி உள்ளே குரல் கொடுத்தார். கணினியில் டைப் செய்கிறவள் எழுந்து வந்தாள்.

"நீதான் அடிச்சியா?" என்றார் செயலாளர்.

"ஆமா சார்."

"பள்ளிக்கூடத்துல ஒருமை பன்மை சொல்லித்தரலையா?"

"தந்தாங்க சார். மூணு பேர் வந்தா பன்மைன்னு. மரியாதைக்கு ஒருத்தரையே ‘நீங்க’ங்கிறோம், மூணு பேருக்குப் போட்டா தப்பில்லன்னு..."

"மூணு பேர்னு யாரு சொன்னது? மூணு ஆள்தத்துவம், ஒரே தேவன். திரியேகம்."

செயலாளர் உட்கார்ந்துவிட்டார். விளக்கம் சொல்வதென்றால் அவருக்குக் கோபம்கூடக் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

"பிதா கோபக்காரர், குமாரன் குறுக்கே விழுந்து தடுக்கிறவர்னு சில பேர் நினைச்சுக்கிறாங்க. அப்பா அடிக்க வந்தா அம்மா நடுவுல வர்ற மாதிரி. சுத்தத் தப்பு. மூவருக்கும் ஒரே மனசு, ஒரே சித்தம். ஒருத்தர் மன்னிச்சிட்டு, இன்னொருத்தர் மனசுல வச்சுக்கிட்டுக் கறுவுறது அங்க கிடையாது. அதனாலதான் ஒருமை. புரியுதா?"

"எங்க வீட்ல மூணு பேருக்கு நாலு மனசு சார்" என்றார் முதலாளி, சூட்டைத் தணிக்க.

செயலாளர் சிரிக்கவில்லை.

"மன்னிச்சிருங்க சார்" என்றாள் அவள். "ஒரு மணி நேரத்துல புதுசா அடிச்சுத் தந்துடறோம்."

"சுலபமாச் சொல்லிட்டே. உனக்கு அது ரெண்டு எழுத்து. எனக்கு விசுவாசம்."

"விட்டுடுங்களேன்" என்றது நாற்காலியிலிருந்து ஒரு மெல்லிய குரல்.

"நீ சும்மா இரு. இதெல்லாம் உனக்குப் புரியாது."

மனைவி கைப்பையின் ஜிப்பைப் பார்க்கத் தொடங்கினார்.

"எழுதிக் கொடுத்த தாள் எங்க? அதுல ‘மன்னிப்பாராக’ன்னுதான் இருக்கும். எடு, பார்த்துடுவோம்."

ஜிப்பில் இருந்த விரல்கள் அப்படியே நின்றன.

டைப் செய்கிறவள் வாசலோர நாற்காலியை ஒரு முறை பார்த்தாள். "கிழிச்சுப் போட்டுட்டேன் சார். டைப் பண்ணி முடிச்சதும்."

"பார்த்தீங்களா? தப்பும் பண்ணி, தடயத்தையும் அழிச்சாச்சு."

முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், இது மன்னிப்பு ஜெபம். தலைப்புலயே கொட்டை எழுத்துல..."

"அது நாளைக்கு. இன்னிக்கு சனிக்கிழமை." செயலாளர் எழுந்தார். "சபைப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் தொடர்ந்து இங்க வரணும்னா, இந்தப் பொண்ணு இங்க இருக்கக் கூடாது."

முதலாளி உள்ளே இருந்த இயந்திரத்தைப் பார்த்தார். மாதத்தில் பாதி நாள் அது ஓடுவது சபை வேலையில்தான்.

"திங்கள்லேருந்து வர மாட்டா சார்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் உள்ளே போய், ‘களை’ எடுத்துவிட்டு, புதிதாக ஐந்நூறு ஓட்டினாள்.

செயலாளர் புதுத் தாளை வாங்கிக் கடைசி வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "ம். இப்பதான் ஒருத்தரானார்."

அவர் முன்னால் நடக்க, மனைவி தாள்கட்டைச் சுமந்துகொண்டு பின்னால் போனார்.

அவள் தன் மேசையை ஒழிக்க ஆரம்பித்தாள். இழுப்பறையிலிருந்து பேனா, சீப்பு, தண்ணீர் பாட்டில், அப்புறம் நாலாக மடித்த ஒரு தாள். முதலாளி அதை வாங்கிப் பிரித்தார். குண்டு குண்டான, அடித்தல் இல்லாத எழுத்து. கடைசி வரி: மன்னிப்பார்களாக.

"கிழிச்சுட்டேன்னியே?"

அவள் சீப்பை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"அட, தப்பு அவங்க பக்கம்தான். இதை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டியிருந்தா பொட்டிப் பாம்பா அடங்கியிருப்பாரே. உன் வேலையும் போயிருக்காது."

"அவர் எழுதலை சார். அவர் நடந்துக்கிட்டே சொல்வாராம், அந்தம்மாதான் எழுதுவாங்களாம். வியாழக்கிழமை கொண்டுவந்து தந்தப்போ, ‘பிழை இருந்தா நீயே திருத்திடும்மா, அவருக்குத் தெரிய வேண்டாம்’னு ரெண்டு தடவை சொன்னாங்க. எனக்குத்தான் அது பிழைன்னு தெரியாமப் போச்சு."

"அதுக்காக வேலையையா விடுவே?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் திட்டு வாங்கிட்டு என் வீட்டுக்குப் போயிடுவேன் சார். அவங்க அவரோடயேதானே போகணும்."