தொட்டியைக் காட்டு

இன்றைக்குத் தோல் இன்னும் கொஞ்சம் உரிந்திருக்கும். இந்தக் கோலத்தை அவருக்கு எப்படிக் காட்டுவது? கல்பனா கண்ணைத் திறக்காமல் படுத்தே கிடந்தாள்.

எழுந்து வந்து கூடத்தில் விளக்கைப் போட்டாள். பயந்தபடிதான். போன மாதம் வரை பச்சையும் ஊதாவுமாகக் கண்ணாடித் தொட்டிக்குள் விரிந்து கிடந்த பவளங்கள் சதை சுருங்கி, விளிம்பில் வெள்ளை எலும்பு தெரிய நின்றன. மீன்கள் மட்டும் எதுவும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன.

முத்துப்பாண்டி போன விடுப்பில் ஆசையாக வைத்த கடல்நீர்த் தொட்டி அது. பட்டாளத்துக்குத் திரும்பியதிலிருந்து தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருவான். வந்ததும் முதல் வார்த்தை, "தொட்டியைக் காட்டு."

மம்சாபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேதியியல் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். "நாலு பவளத்தப் பாத்துக்கத் துப்பில்ல, நாப்பது பிள்ளைகள எப்பிடிட்டி மேய்ப்ப? முதல்ல இதத் தேத்திக் காட்டு. பொறவு வேலையப் பத்திப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டான்.

அவள் எதைத்தான் செய்யவில்லை? உப்பு பார்த்தாள், சூடு பார்த்தாள், காரத்தன்மை பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்து அவளுக்கு எரிச்சலூட்டின. அழுகிய விளிம்பை வெட்டிவிட்டு, மீதியை அயோடின் கலந்த நீரில் முக்கி எடுத்து வைத்தாள். ஒரு வாரத்தில் பக்கத்துப் பவளமும் வெளுத்தது.

வெயிலுக்குத் தொட்டி வற்றும். வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. ஆனால் ஒரு மாதமாகக் கண்ணாடியில் போட்ட கோட்டைவிட்டு மட்டம் இறங்கவே இல்லை. மூடி இறுக்கமாக உட்கார்ந்துவிட்டது, ஒரு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். முத்துப்பாண்டியிடம் சொன்னபோது அவனும் "ம்" என்று மட்டும் சொன்னான்.

கொல்லையில் மாமியார் பெத்தம்மாள் புளி போட்டுச் செப்புக்குடத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, விடிஞ்சதும் அது முன்னாலதானா? கட்டுன புருசன இப்பிடிப் பாத்திருக்கியா?"

"அவரு இப்பிடி வெளுக்கலையே அத்தை."

மத்தியானம் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினாள். வளர்ப்பு மீன் கடை மெல்வின் அவளைப் பார்த்ததும் சிரித்தான். "எல்லாம் போன தடவையே பாத்தாச்சேக்கா. உங்க வீட்டுக்குப் பவளம் ராசியில்லன்னு விட்டுருங்க."

"நான் படிச்சது கெமிஸ்ட்ரி, மெல்வின். ராசி பாக்கத் தெரியாது. காப்பர் இருக்கான்னு பாத்தியா?"

"அது மீனுக்கு மருந்து ஊத்துனாத்தான வரும். நீங்கதான் எதும் ஊத்தலையே" என்றபடி சோதனைக் குப்பியில் சொட்டு விட்டான். நீரின் நிறம் மாறியது. அவன் சிரிப்பும் போய்விட்டது.

"இருக்குக்கா. இம்புட்டு இருந்தா மீனு தாங்கிக்கிடும். பவளம் செத்துரும்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வீட்டுப் படியேறும்வரை அந்தக் கேள்வியே குடைந்தது. தான் ஊற்றாத ஒன்று தொட்டிக்குள் எப்படி வரும்?

கூடத்தில் பெத்தம்மாள் முக்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். தொட்டியின் மூடி திறந்திருந்தது. இடுப்பிலிருந்து செப்புக்குடம் சரிந்து, கோடு வரைக்கும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அத்தை, என்ன செய்யுதீங்க?"

"ராத்திரி பூரா குடத்துல ஊறுன தண்ணிட்டி. உடம்புக்கு அம்புட்டு நல்லது. நீ துணி எடுக்க மாடிக்குப் போகையில தினமும் கொஞ்சம் ஊத்திருவேன்."

கல்பனா குடத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. யாரு உங்கள ஊத்தச் சொன்னா?"

பெத்தம்மாள் முக்காலியிலிருந்து இறங்கினாள். "கோவிக்காத தாயி. அவந்தான் சொன்னான். அவள நம்ப முடியாது, கோடு இறங்காம நீ ஊத்திரும்மா, அவகிட்டச் சொல்லாதன்னு. குடத்துல ஊறப்போட்டதுதான் என் யோசனை."

போன் அடித்தது. திரையில் முத்துப்பாண்டி. "என்ன, தேறுச்சா? தேறலைன்னா பள்ளிக்கூடத்துக்கு முடியாதுன்னு சொல்லிரு. சரி, தொட்டியைக் காட்டு."

கல்பனா போனைத் தொட்டிப் பக்கம் திருப்பவில்லை. மாமியாரின் ஈரக் கையில் அதை வைத்துவிட்டு, குரல் உயராமல் சொன்னாள்.

"திங்கக்கிழமையில இருந்து நான் பள்ளிக்கூடம் போறேன், இனிமே அதையும் அத்தையே காட்டுவாங்க."